கைப்பிடியின் உள்பக்கம்

புதுச்சேரியில் எந்த வீட்டுப் பரணிலிருந்து பழைய கைத்துப்பாக்கி இறங்கினாலும் அது நேரே வாஞ்சிநாதன் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஊரின் வரலாறு அப்படி. 1908இல் பாரதி வந்தார். 1910இல் அரவிந்தர் வந்தார், அதே ஆண்டில் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் சந்திப்பில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். சுட்ட வாஞ்சி அதே நிலையத்தில் தன்னையும் சுட்டுக்கொண்டார். அதற்குச் சில மாதங்களுக்கு முன் அவர் புதுச்சேரிக்கு வந்து ஐயரிடம் சுடப் பழகிய செய்தி 1918இல் வெளியான ரௌலட் குழு அறிக்கையிலேயே இருக்கிறது. கரடிக்குப்பத்துப் பக்கம்தான் பயிற்சி நடந்தது என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். இவ்வளவும் இருக்கும்போது, துருப்பிடித்த ரிவால்வர் ஒன்று வீட்டில் இருந்தால் அதற்கு வேறு கதை எப்படி வரும்?

என்னிடம் வந்த வேலை கதையைப் பற்றியது அல்ல. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த 'சொல்தா' குடும்பம் ஒன்று. வீட்டுப் பெரியவருக்கு எண்பதை நெருங்கும் வயது. தாத்தா வழியாக வந்த ஒரு ரிவால்வருக்கு இடதுபக்கக் கைப்பிடிக் கட்டை காணாமல் போயிருந்தது. வலதுபக்கத்தில் இருந்ததும் நிறமும் வேலைப்பாடும் பொருந்தாத ஏதோ ஒரு கட்டை. "பிரான்சிலேர்ந்து ஒரிஜினல் ஜோடி வரவழைச்சு மாட்டிடணும் தம்பி. வாஞ்சி பிடிச்ச துப்பாக்கி இப்படி மூளியா இருக்கக் கூடாது" என்றார். எந்த மாதிரிக் கட்டை, எங்கே கிடைக்கும் என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் எனக்கு வந்த வேலை. துப்பாக்கிக்கு உரிமம் இருந்தது. நான் அதைப் பார்த்ததெல்லாம் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரரின் பட்டறை மேசைமேல்தான்.

வாஞ்சி விஷயம் அந்த மேசைமேல் சில நிமிடங்களிலேயே முடிந்துவிட்டது. முதலில், மணியாச்சியில் பயன்பட்டது ரிவால்வரே அல்ல. அது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் தானியங்கிப் பிஸ்டல். தோட்டாக்களை வைக்கச் சுழலும் உருளை அதில் கிடையாது, பிடிக்குள்ளேயே செருகும் பெட்டிதான். அக்காலத்து இந்தியப் புரட்சிக்காரர்களுக்கு பிரௌனிங் பழக்கமான ஆயுதம். 1909இல் லண்டனிலிருந்து சாவர்க்கர் சதுர்புஜ் அமீன் மூலம் பம்பாய்க்கு அனுப்பிய இருபதும் பிரௌனிங்தான். அதே ஆண்டு டிசம்பரில் நாசிக்கில் கலெக்டர் ஜாக்சனைக் கொன்றதும் அந்த வகையே. மேசைமேல் கிடந்ததோ ஆறு தோட்டா உருளை உள்ள பிரெஞ்சு ராணுவ ரிவால்வர். 1892ஆம் ஆண்டு மாதிரி, 8 மில்லிமீட்டர். லெபெல் ரிவால்வர் என்று பலரும் அழைப்பது இதைத்தான். சேன்-எத்தியேன் நகரத்து அரசு ஆயுதத் தொழிற்சாலை 1892இலிருந்து 1924 வரை இதைச் செய்தது. உருளை இதில் வலதுபக்கமாகத் திறக்கும். இடதுபக்கத் தகட்டைக் கதவுபோல முன்னால் திறந்தால் உள்ளே விசையும் வில்லும் முழுதாகத் தெரியும். நூற்றாண்டு கடந்தும் அந்தத் தகடு இங்கே தடங்கலின்றித் திறந்தது. வேலை செய்தவன் கையை மெச்சத்தான் வேண்டும்.

"பிஸ்டல்ல சுட்டிருக்கலாம், பழகினது இதுல இருக்கலாம் இல்லையா?" என்றார் பெரியவர். நியாயமான கேள்வி. ஆனால் சேன்-எத்தியேன்காரர்கள் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். குழலின் மேல்பக்கம் மாதிரியின் ஆண்டையும், வலதுபக்கம் எஸ் என்ற எழுத்தோடு செய்த ஆண்டையும் பொறிப்பது அவர்கள் வழக்கம். இந்தக் குழலில் எஸ் 1916. வாஞ்சி இறந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. "குழலை அப்புறம் மாத்தியிருந்தா?" என்று அதற்கும் மடக்கினார். குழலில் இருந்த வரிசை எண்ணும் சட்டத்தில் இருந்த எண்ணும் ஒன்றே. உள்ளே இருந்த சின்னச் சின்ன உறுப்புகளிலும் அதே எண்ணின் கடைசி இலக்கங்கள். யாரும் எதையும் மாற்றவில்லை, கைப்பிடிக் கட்டைகளைத் தவிர.

அவர் முகம் வாடியது. எனக்கு அப்போதுதான் சுவை பிறந்தது. முழுத் துப்பாக்கியும் பிறந்தபடியே இருக்க, கட்டை மட்டும் ஏன் மாறியது, எங்கே மாறியது?

அதற்கு முன் அவர் கேட்ட ஜோடியைத் தேடும் வேலை இருந்தது. இந்த மாதிரிக்குத் தொழிற்சாலை போட்டது வால்நட் மரக்கட்டை, மேலே சாய்சதுரக் கட்டங்களாகச் செதுக்கிய சொரசொரப்போடு. வியர்வைக் கையிலும் வழுக்காமல் இருக்கத்தான் அந்தச் செதுக்கு. ஐரோப்பாவில் பழைய உதிரிப் பாகங்கள் விற்கிறவர்களிடம் இப்போதும் இது கிடைக்கிறது. ஆனால் இங்கே ஒரு பொறி உண்டு. முதல் உலகப் போரில் கைத்துப்பாக்கி போதாமல் பிரான்ஸ் ஸ்பெயினின் எய்பார் நகரப் பட்டறைகளில் ரிவால்வர்கள் வாங்கியது. அதே 8 மில்லிமீட்டர் தோட்டாதான். 'ஸ்பானிய 92' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் அது அமெரிக்க ரிவால்வர்களைப் பார்த்துச் செய்தது, உருளையும் இடதுபக்கமாகத் திறக்கும். விலைப்பட்டியலில் '92 கைப்பிடி' என்று போட்டிருந்தால் அது எதற்கென்று படத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. கடைக்காரர் ஒரு டிரேசிங் தாளைச் சட்டத்தின்மேல் வைத்துக் கூர்மையான பென்சிலால் ஓரம் எடுத்தார். அந்த வரைவை அளவோடு அனுப்பிய பிறகுதான் விற்பனையாளர் தன்னிடம் இருந்தது ஸ்பானியக் கட்டை என்று ஒப்புக்கொண்டார். பழைய துப்பாக்கிக்குப் பிடி தேடும் யாருக்கும் நான் சொல்வது இதைத்தான்: பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், ஓரத்தை வரைந்து அனுப்புங்கள். சரியான மாதிரியே கிடைத்தாலும் அப்படியே உட்காராது. அந்தக் காலத்துக் கட்டைகளை ஒவ்வொரு சட்டத்துக்கும் தனித்தனியே இழைத்துப் பொருத்தினார்கள். வேறொரு துப்பாக்கிக்கு இழைத்த கட்டை இங்கே மயிரிழை உள்வாங்கியோ துருத்தியோதான் நிற்கும்.

ஆவணப் பக்கம் திரும்பினேன். புதுச்சேரியில் பிரெஞ்சுக்கால ஆவணம் தேடுகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தத்தை. அன்றாட நிர்வாகத்துக்கு வேண்டிய பதிவேடுகள் இந்தியாவுக்கு, வரலாற்று மதிப்புள்ளவை பிரான்சுக்கு என்று பங்கு பிரிந்தது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் பாத்திரம் ஒரு வீட்டுக்கும் மூடி ஒரு வீட்டுக்கும் போவதுபோல, ஒரே விவகாரத்தின் பாதி ஜீவானந்தபுரத்துத் தேசிய ஆவணக் காப்பக மையத்தில் இருக்கும், பாதி எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரத்துக் கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கும். ஆயுதத் தொழிற்சாலைகளின் ஏடுகளோ இரண்டிலும் இல்லை. அவை ஷாத்தல்ரோ நகரத்தில், ராணுவ வரலாற்றுத் துறையின் ஆயுத ஆவணப் பிரிவில். படைவீரர்களின் பணிக்கோப்புகளுக்கு ஸ்பெயின் எல்லைப் பக்கமுள்ள போ நகரம்.

ஆண்டும் வரிசை எண்ணும் தெரிந்த துப்பாக்கிக்குத் தொழிற்சாலை ஏட்டால் பெரிய பயன் இல்லை. அது எப்போது செய்யப்பட்டது என்பதைக் குழலே சொல்லிவிட்டது. எனக்கு வேண்டியது துப்பாக்கி கைமாறிய வழி. அது எந்தக் காப்பகத்திலும் இல்லாமல் பெரியவர் வீட்டுத் தகரப்பெட்டியில் இருந்தது: தாத்தாவின் படைப்பணிக் கையேடு. பிரெஞ்சுப் படையில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு புத்தகம் தருவார்கள். உயரம், கண் நிறம், தடுப்பூசி, இடமாற்றம், தண்டனை, எல்லாம் அதில் ஏறும். ஓரம் கரையான் அரித்திருந்தாலும் பணியிடப் பக்கங்கள் தப்பியிருந்தன. முதல் போர் முடிந்த பிறகு காலனியக் காலாட்படையில் சேர்ந்தவர். பெரும்பகுதிப் பணி சைகோனிலும் அதைச் சுற்றியும். இது புதுச்சேரிக்குப் புதிய கதை அல்ல. சட்டப்படி பிரெஞ்சுக் குடிமக்களான தமிழர்கள் இந்தோசீனாவில் சிப்பாயாக, போலீசாக, சுங்க எழுத்தராகப் போய் ஓய்வூதியத்தோடு திரும்பிய குடும்பங்கள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. அந்த வீடுகளில் சைகோன் அரக்குப் பெட்டியும் முத்துச்சிப்பி பதித்த மேசையும் இன்றும் இருக்கும். ராணுவத் துப்பாக்கி சிப்பாயின் சொத்து அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பணி முடிந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்தக் குடும்பத்துக்கு அது எப்படி வந்தது என்று நான் கேட்டபோது பெரியவர் காபி கொண்டுவரச் சொன்னார்.

காகிதங்கள் அத்தோடு நின்றன. மீதியைச் சொன்னது வலதுபக்கக் கட்டை.

முதல் பார்வையில் அது கறுத்த, வார்னிஷ் ஏறிய, செதுக்கே இல்லாத ஒரு மரத்துண்டு. பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லையில் பார்த்தால் வால்நட் இல்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. வார்னிஷ் தேய்ந்த ஓரிடத்தில், நார் ஓடும் திசைக்குக் குறுக்கே, மிக நெருக்கமான மெல்லிய அலைக்கோடுகள். வால்நட்டில் இது வராது. அதன் கதிர்த்திசுக்கள் அப்படி அடுக்கடுக்காக அமைவதில்லை. ரோஸ்வுட் இனத்தில் வரும். நம்மூரில் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொல்கிற மரம் அந்த இனம். இந்தோசீனாவில் மேசை நாற்காலிக்குப் பயன்படும் சிவந்த மரம் ஒன்றும் அதே இனம். ஆக, யாரோ ஒரு தச்சர், சைகோனிலோ இங்கேயோ, உடைந்த வால்நட்டுக்குப் பதிலாக இதை இழைத்திருக்கிறார். நல்ல கைதான். சட்டத்தோடு சேரும் ஓரத்தில் நகம் நுழையவில்லை.

கட்டையைப் பிடித்திருந்த திருகும் தொழிற்சாலைத் திருகு அல்ல. அதன் தலைக்கடியில் ஒரு வட்டமான வாஷர், கருப்புப் பிசுக்கு மூடிக் கிடந்தது. பழைய பித்தளை வாஷர் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். கடைக்காரர் மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சுக் குச்சியால் அதைத் துடைக்கத் துடைக்கப் பித்தளை மஞ்சளுக்குப் பதில் வெண்கலச் சிவப்பு வந்தது. பிறகு அரத்தால் தேய்த்த விளிம்பு. பிறகு எழுத்தின் அடிப்பாதிகள். அதன் பிறகு எண் ஒன்று: 1936.

அது ஒரு நாணயம். இந்தோசீனாவுக்காக பிரான்ஸ் அடித்த அரை சென்ட் காசு, நடுவில் ஓட்டை உள்ளது. அங்கே சில்லறைக் காசுகளில் ஓட்டை போடுவது 1890களிலிருந்தே வழக்கம். தச்சருக்குத் திருகு நுழைய ஓட்டையோடு கூடிய வெண்கல வட்டம் தேவைப்பட்டது. அரசாங்கமே அதைச் செய்து தந்திருந்தது. விளிம்பை அரத்தால் சுற்றிச் சிறிதாக்கி, கட்டையில் அதற்கென்று ஒரு பள்ளம் உளியால் எடுத்து உட்கார வைத்திருக்கிறார். குறைந்த மதிப்புள்ள காசு என்பதால் மனம் வலித்திருக்காது.

ஒரு துப்பறியும் வேலைக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. அந்தப் பழுது 1936க்கு முன் நடந்திருக்க முடியாது. கையேட்டின்படி தாத்தா அப்போது சைகோன் பக்கம்தான் இருந்தார். காசு ஒருவர் பையில் கடல் கடந்து புதுச்சேரிக்கு வந்திருக்கலாம் என்று வாதிடலாம்தான். ஆனால் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்த 1954 நவம்பர் 1க்கு முன்போ பின்போ இங்கே ஒரு தச்சர் வாஷர் தேடினால், செல்லாத அந்நியக் காசைத் தேடி எடுத்து அரத்தால் தேய்ப்பதைவிடப் பெரிய கடையில் ஒரு பித்தளை வாஷர் வாங்குவது சுலபம். காசு செல்லுபடியாகிற ஊரில்தான் அது கைக்கெட்டும் பொருள். சைகோனில் நடந்த பழுது என்றுதான் நான் எழுதிக் கொடுத்தேன்.

இந்த இடத்தில் என் வேலையின் திசையே மாறிவிட்டது. புத்தம் புதிய வால்நட் ஜோடியை மாட்டினால் இது ஐரோப்பிய ஏலங்களில் நிறையக் கிடைக்கும் 1892 மாதிரி ரிவால்வர்களில் இன்னொன்று ஆகிவிடும். புதுச்சேரிக்காரர் ஒருவர் இந்தோசீனாவில் பயன்படுத்தியது என்பதற்குத் துப்பாக்கியில் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பொருந்தாத கட்டையும் காசும். பழம்பொருள் வியாபாரிகள் இதை 'தவறான பிடி' என்று சொல்லி விலையைக் குறைப்பார்கள். தொழிற்சாலை நிலைக்குத் திருப்புவது மட்டுமே மீட்பு என்று நினைக்கும் சேகரிப்பாளர்களோடு எனக்கு எப்போதும் ஒத்துப்போகாது. அவர்கள் கையில் போன பொருள்களுக்கு வயது இருக்கும், வாழ்க்கை இருக்காது.

பெரியவரை இதற்குச் சம்மதிக்க வைத்தது என் வாதம் அல்ல, அவர் மருமகள். "தாத்தா சைகோன்ல இருந்ததுக்கு நம்மகிட்ட ஒரு போட்டோகூட இல்ல மாமா. இது ஒண்ணுதான் இருக்கு" என்றார். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ இடதுபக்கத்துக்கு என்ன பண்றது?" என்றார்.

இடையில் உறவினர் ஒருவர் தந்தத்தில் பிடி போடலாம், பார்வையாக இருக்கும் என்று யோசனை சொன்னார். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. ஆயுதச் சட்டத்தையும் ஒருமுறை தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது, ஏனென்றால் தாத்தா துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்று பலர் நம்புகிறார்கள். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு பழம்பொருளுக்கு விலக்குத் தருவது உண்மைதான். ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாத நிலையில் இருப்பவற்றுக்கே அது பொருந்தும். இந்த ரிவால்வரின் விசை இன்னும் இயங்குகிறது. எனவே உரிமம் இருந்தே ஆக வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டதும் குடும்பங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இடதுபக்கக் கட்டையை ஈட்டி மரத்திலேயே செய்வது என்று முடிவானது. புது மரம் வேண்டாம் என்றார் முத்தியால்பேட்டை ஆசாரி. புது ஈட்டி வேலை முடிந்த பிறகும் சுருங்கும். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் உடைந்த பழைய நாற்காலிக் கை ஒன்று கிடைத்தது. பல காலம் வீட்டுக்குள் கிடந்து காய்ந்த மரம். டிரேசிங் தாள் வரைவை அதன்மேல் ஒட்டி, நார் ஓட்டம் வலதுபக்கக் கட்டையின் ஓட்டத்தோடு சேரும்படி திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் ரம்பம் வைத்தார்.

பொருத்தும் வேலை முழுக்கத் துப்பாக்கிக் கடைப் பட்டறையிலேயே நடந்தது, துப்பாக்கி அங்கிருந்து வெளியே போகக் கூடாது என்பதால். சட்டத்தின் ஓரத்தில் விளக்குக் கரியை மெல்லிசாகத் தடவி, ஆசாரி கட்டையை அழுத்தி எடுப்பார். கரி ஒட்டிய இடம் மேடு. அங்கே மட்டும் உளியால் ஒரு சீவல், பிறகு மறுபடி கரி, மறுபடி அழுத்தல். அவசரப்பட்டு ஓரிடத்தில் அதிகம் சீவினால் மரத்தை ஒட்டவைக்க முடியாது, வேறு துண்டுதான். முதல் கட்டை அப்படித்தான் போனது. "நாற்காலிக்கு ரெண்டு கை இருக்கு சார்" என்று சிரித்துக்கொண்டே அடுத்ததை எடுத்தார். உட்பக்கம் முழுக்கக் கரி சமமாகப் படியும் வரை இது நடந்தது. வெளிப்பக்கத்தை வலதுபக்கக் கட்டையின் வளைவுக்கு அரத்தாலும் உப்புத்தாளாலும் கொண்டுவந்தார். வார்னிஷ் கிடையாது, ஆளிவிதை எண்ணெய் மட்டும். துணியில் தொட்டுத் தேய்த்து, ஒரு நாள் விட்டு, மறுபடி.

திருகுதான் கொஞ்சம் படுத்தியது. சைகோன் தச்சர் போட்ட திருகின் மரை எங்கள் கையில் இருந்த எந்த அளவுகோலுக்கும் பொருந்தவில்லை. புதுத் திருகு போட்டால் காசின் ஓட்டையைப் பெரிதாக்க வேண்டி வரும். அதைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கடைசல் பட்டறையில் பழைய திருகையே மாதிரியாக வைத்து, அதற்கேற்ற மரையோடு ஒரு பித்தளைக் கொட்டை கடைந்தார்கள். இடதுபக்கக் கட்டையின் உள்பக்கத்தில் அது பதிந்தது. இறுக்கும்போது கடைக்காரர் ஒரு விரலும் கட்டை விரலும் மட்டும் பயன்படுத்தினார். மரத்தில் திருகை முழு பலத்தோடு இறுக்கினால் அன்றைக்கு விரிசல் தெரியாது, மழைக்காலத்தில் தெரியும்.

மாட்டுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி. புதுக் கட்டையின் உள்பக்கத்தில் கறுப்பு மையால் செய்த ஆண்டையும் 'புதுச்சேரி' என்பதையும் எழுதினேன், பின்னால் வருபவர் இதையும் சைகோன் வேலை என்று எண்ணிவிடாமல் இருக்க. ஆசாரி தன் பெயரின் முதல் எழுத்தைத் தானே பென்சிலால் பக்கத்தில் போட்டார். துப்பாக்கியோடு வைக்கும் உறைக்குள் குழல் முத்திரையின் படம், காசின் படம், கையேட்டுப் பக்கங்களின் நகல், ஓர வரைவு ஆகியவை போயின. ஒரு பக்கக் குறிப்பில் 1916, 1936 என்ற இரண்டு ஆண்டுகளும் அவற்றுக்கான சாட்சியும் இருக்கின்றன. வாஞ்சி பெயரையும் ஒரு வரியில் சேர்க்கச் சொன்னார் பெரியவர். 'குடும்பத்தில் வழங்கிய கதை' என்ற தலைப்பின் கீழ் அதையும் எழுதி, குழலில் உள்ள ஆண்டு அதற்கு இடம் தராது என்று அடுத்த வரியில் சேர்த்தேன். கண்ணாடியைப் போட்டு முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.